சாவு இல்லாத வீட்டில் சொன்ன சங்கீதம்

வெளிநாடு போய் வந்தேன் என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் கொழும்பு, ரங்கூன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கப்பலில் ஏறினேன், குடல் வெளியே வந்தது, கரை தெரிந்தது என்று பொழுது விடிய அளப்பார்கள். எனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. காலையில் ஓடைப்பட்டியில் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினால், பொழுது சாயும் முன்னால் வேறொரு ராஜாவின் சீமையில் கால் கழுவுவேன். குமுளி மலை ஏறி முடித்த இடத்தில் நம் சர்க்கார் முடிந்து திருவிதாங்கூர் மகாராஜா ஆரம்பிக்கிறார். சட்டம் வேறு, பேச்சு வேறு, வேட்டி கட்டும் விதம்கூட வேறு. இது வெளிநாடு இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

அந்த மலை எனக்குப் புதிதில்லை. மீசை முளைக்கும் முன்னால் கூடலூரில் மலை வண்டிக்கு மாடு பிடித்தவன் நான். இன்றைக்கு எனக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு, கிணறு உண்டு, கிணற்றின் மேல் ஆயில் இஞ்சின் உண்டு. அந்த இஞ்சின் முதல்முதலில் சத்தம் போட்ட அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஜனம் முழுக்க என் தோட்டத்து வரப்பில் நின்றது. படிப்பு என்று கேட்டால் இரண்டாம் வகுப்பு. பெரிய எழுத்தாக இருந்தால் வாசித்துவிடுவேன். சின்ன எழுத்தை நீட்டினால் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். செபப் புத்தகத்தில் எல்லாமே சின்ன எழுத்து. ஆகவே எனக்குச் செபமெல்லாம் காது வழியாக ஏறியதுதான். அப்படி ஏறியது இறங்காது.

இந்தத் தடவை நான் குமுளிக்குப் போனது ஏலக்காய்க்கும் இல்லை, மாட்டுக்கும் இல்லை. ஓர் ஆளைக் கூட்டி வருவதற்கு.

என் மகள் ஞானத்துக்கு எங்கள் வீட்டில் தலைப்பிரசவம். பெண் பிள்ளை. நல்ல கறுப்பு, என்னை மாதிரியே நெற்றி. எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சாமியார் சுற்றில் வரும் முறை அந்த ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் அடுத்து எப்போது என்று அவருக்கே தெரியாது. அன்றைக்கே ஞானஸ்நானம் என்று முடிவானது. கோயிலில் பிள்ளையை ஏந்திக்கொண்டு அதற்காகப் பதில் சொல்லும் ஞானத்தாய் யார்? கட்டிலில் கிடந்தபடியே மகள் சொன்னாள்: "ஆரோக்கியம் அத்தைதான். வேற யாரு வந்தாலும் பிள்ளையைக் கையில குடுக்க மாட்டேன்."

ஆரோக்கியம் என் கடைசித் தங்கை. அம்மா இல்லாத பிள்ளை என்று நான் வளர்த்தது. குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கும் சந்தியாகுவுக்குக் கட்டிக் கொடுத்தேன். போன வருஷம் மலைக் காய்ச்சலுக்குப் பயந்து மகனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் கூடவே இறங்கி வந்தது. நடக்கப் பழகின பயல். எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறான். அதற்குப் பிறகு மலை ஏறியவள் கிறிஸ்மஸுக்கும் வரவில்லை, பாஸ்காவுக்கும் வரவில்லை. முழங்கால் போட்டுச் செபம் சொல்வதையே விட்டுவிட்டாள் என்று சந்தியாகு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

நான் போய் நின்று ஒரு சத்தம் போட்டால் கிளம்பி வந்துவிடுவாள் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வியாழக்கிழமை பஸ் ஏறினேன்.

உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. ஓடின பஸ்ஸுக்குப் பின்னால் அண்டா மாதிரி ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். கரி எரிந்து, புகை கேஸாகி, வண்டி ஓடும். சமதரையில் சும்மா சொல்லக்கூடாது, கழுதைக்குக் கொஞ்சம் முன்னால் போகும். மலையைக் கண்டதும் அதற்கு மூச்சு வாங்கியது.

"எறங்கு, எறங்கு! கைப்பிள்ளைக்காரி மட்டும் உக்காரட்டும்!" என்று கண்டக்டர் கத்தினான்.

கோழிக்கூடையோடு இருந்த ஒரு பொம்பளை எழுந்திருக்கவில்லை. "காசு குடுத்தது ஏறி உக்காரதுக்குய்யா. ஒன் வண்டியத் தள்ளுறதுக்கில்ல."

"நீங்க தள்ள வேணாம் ஆத்தா. எறங்கினாலே வண்டிக்குப் பாதிப் பாரம் கொறைஞ்சிரும்."

"பாத்தீகளா, என்னைய மூட்டைங்கிறான்!"

எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். ஒரு வளைவில் பஸ் பின்னால் நழுவத் தொடங்கியது. டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நிற்கிறார், கண்டக்டர் மாதாவைக் கூப்பிடுகிறான். இவ்வளவுக்கும் அவன் நெற்றியில் விபூதி. நான் ஓரத்தில் கிடந்த குண்டுக்கல்லை உருட்டிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். மலை வண்டிக்காரன் கைக்கு இது மறக்குமா? பஸ் நின்றது. "பெரியவரே, எந்த ஒர்க் ஷாப்புல இருந்தீக?" என்று டிரைவர் கேட்டார். மாடுகளின் ஒர்க் ஷாப் என்றேன்.

உச்சியில் திருவிதாங்கூர்ச் சவுக்கை. போகிற வருகிற மூட்டையை எல்லாம் பிரித்துப் பார்க்கிற இடம். அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று அப்போது கட்டுப்பாடு. தொப்பி வைத்த காவல்காரர் ஒருவர் என் கூடையைக் கிளறினார். திராட்சை இருந்தது. முருங்கைக்காய் இருந்தது. அடியில் என் சம்சாரம் கட்டிக் கொடுத்த புளிச்சோறு இருந்தது.

"இது அரிசி அல்லவா?" என்றார் மலையாளத்தில்.

"அரிசி எங்க இருக்கு? இது சோறு."

"சோறு எதில் செய்தது?"

"என் சம்சாரம் செஞ்சது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலதிகாரியிடம் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஒரு கை அள்ளி வாயில் போட்டார். மென்றார். பிறகு, இதில் அரிசி இருப்பதாகத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். அங்கே அப்போது அரிசிக்கு அவ்வளவு தவிப்பு. தண்ணீர் அவர்கள் மலையைக் குடைந்து எங்களுக்கு வருகிறது, நெல் எங்கள் வயலில் இரண்டு போகம் விளைகிறது. அவர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்கிறார்கள். இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆரோக்கியம் வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள். என் காலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள், கூடையை வாங்கினாள், "அண்ணே, ஒனக்கு மூச்சு எரைக்கிது. பஸ்ஸுல வந்தியா, பஸ்ஸத் தூக்கிட்டு வந்தியா?" என்றாள். பழைய வாய் போகவில்லை. எனக்குத் தெம்பு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை பிறந்ததைக் கேட்டு அவள் முகம் விரிந்தது. ஞானத்தாய் என்றதும் அப்படியே மூடிக்கொண்டது.

"பிள்ளையப் பாக்க எப்பன்னாலும் வாரேன். தூக்கிக் குளிப்பாட்டுறேன். ஞானத்தாயா நிக்க மாட்டேன்."

"ஏன்?"

"நின்னா, சர்வேசுரனை விசுவசிக்கிறேன்னு ஊரு கேக்கச் சொல்லணும்ல. அவரோட நான் பேச்சு வார்த்தையே இல்லாம இருக்கேன். கோயில்ல நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

நான் போட நினைத்திருந்த சத்தத்தைப் போட்டேன். அவள் என் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். சந்தியாகு என் பக்கம் குனிந்து, "மச்சான், இந்தச் சத்தத்த நான் வருசம் பூராம் போட்டுப் பாத்துட்டேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் முகத்தில் விழிக்க எனக்குச் சங்கடமாக இருந்தது. சந்தியாகுவோடு ஸ்டோருக்குப் போனேன். பச்சை ஏலக்காயைச் சல்லடைத் தட்டுகளில் பரப்பி, கீழே அடுப்பு மூட்டி, ராவும் பகலும் சூடு ஏறாமல் இறங்காமல் பார்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் காய் கருகிவிடும். உள்ளே நுழைந்ததும் கல்யாண வீட்டுப் பாயசத்துக்குள் விழுந்த மாதிரி மணம். "எனக்கு இந்த மணம் செத்துப்போச்சு மச்சான்" என்றான் சந்தியாகு. "விடியிறது எப்ப, விடியிறது எப்பன்னு வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்."

மத்தியானம் சாப்பாடு பக்கத்து வீட்டில். சந்தியாகு வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே இருப்பவர் குரியச்சன். சாயாக்கடை வைத்திருக்கிற மலையாளத்துச் சுரியானி வேதக்காரர். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் நம் சாமியாருக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அவர் மனைவி ஏலியாம்மா கப்பை என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு வைத்தாள். எங்கள் பக்கத்தில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்கிறவன் நான். அந்தச் சம்மந்தி என் காது வழியாகப் புகை விட்டது. குரியச்சன், "தமிழ்நாட்டு உறைப்பு வாயில் நிற்கும், எங்கள் உறைப்பு சுவர் ஏறிக் குதிக்கும்" என்றார். நான் இன்னொரு தடவை போட்டுக்கொண்டேன். தோற்க முடியுமா?

பொழுது இறங்கும் நேரம் அவர் வீட்டு முற்றத்திலேயே பேசிக்கொண்டிருந்தேன். ஏலியாம்மா விளக்கு ஏற்றினாள். வீட்டில் உள்ள பெரியது சின்னது எல்லாம் கால் கழுவிக்கொண்டு வந்து கிழக்கே பார்த்து வரிசையாக நின்றது. நானும் எழுந்து ஓரத்தில் நின்றேன். வேறு சபைக்காரரோடு சேர்ந்து செபம் சொல்லக்கூடாது, மரியாதைக்குத்தான் நிற்கிறேன் என்று என் மனசாட்சிக்குச் சொல்லிக்கொண்டேன்.

குரியச்சன் ஆரம்பித்தார். என் மலையாளம் வண்டிக்காரன் மலையாளம், ஆனாலும் காதில் விழுந்தது விளங்கியது. ஆண்டவரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறேன், என் சங்கடத்தை எல்லாம் அவர் முன்னால் கொட்டுகிறேன், திரும்பிப் பார்த்தால் எனக்கென்று ஓர் ஆள் இல்லை என்கிற மாதிரி வந்தது. எனக்குத் திக்கென்றது. தாவீது ராஜா பாடி வைத்த சங்கீதங்களில் இப்படித் துக்கமான ஒன்று எங்கள் ஊரில் கேட்டால் ஒரே அர்த்தம்தான். யாரோ செத்துவிட்டார்கள். சாமியார் இல்லாத நாளில் செபம் நடத்தும் எங்கள் உபதேசியார் இந்த மாதிரிச் சங்கீதத்தைப் பாடைக்குப் பக்கத்தில் தவிர வேறு எங்கும் சொல்லி நான் கேட்டதில்லை. நோயாளி வீட்டில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

முடிந்ததும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "குரியச்சா, வீட்ல யாரு தவறிப்போனது? மத்தியானம் சாப்பாடு போட்டீக, ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரும் சாகவில்லை. என் மாமியார்கூடச் சாகவில்லை."

மூலையிலிருந்து மாமியார், "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது" என்றாள்.

"பின்ன எதுக்கு இந்தச் சங்கீதம்?"

"இது தினமும் சாயங்காலம் உள்ளது. நேற்று எருமை உதைத்துப் பால் போயிற்று. இன்றைக்குக் கப்பைத் தோட்டத்தில் பன்றி இறங்கிற்று. அரிசி கிடைக்கவில்லை. இதையெல்லாம் ஆண்டவரிடம் முறையிட ஒருத்தர் சாகும் வரைக்கும் காத்திருக்க முடியுமா?"

அவருக்குத் தெரிந்த சங்கீதங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். தூக்கம் வராதவனுக்கு ஒன்று. நல்ல அறுப்புக்கு ஒன்று. ஊர்வாய்க்கு ஒன்று. பகையாளிக்கு என்று ஒன்று இருக்கிறது, அதில் தாவீது ராஜா எதிராளியின் பல்லை உடைக்கச் சொல்லி ஆண்டவரிடமே நேராகக் கேட்கிறார். அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். என் தோட்டத்து வரப்பை வருஷா வருஷம் உள்ளே தள்ளுகிற ஆசாமி நினைவுக்கு வந்தான். ராஜா அல்லவா, எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறார்! நானோ சர்வேசுரன் முன்னால் கலெக்டர் முன்னால் நிற்கிற மாதிரிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றவன்.

இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. "எங்ககிட்ட இதவிட ஆழமான சங்கீதம் இருக்கு" என்றேன்.

"அப்படியென்றால் சொல்லுங்கள். தமிழில் கேட்கிறோம்."

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் என் தோள் படாமல் ஒரு பாடையும் கல்லறைக்குப் போனதில்லை. தோளில் பாடை, காதில் உபதேசியாரின் குரல். அப்படியே மனப்பாடம் ஆன சங்கீதம். கிழக்கே பார்த்து நின்றேன். ஆழத்துக்குள் கிடந்துகொண்டு கூப்பிடுகிறேன், என் சத்தத்துக்குக் காது கொடும் என்று தொடங்கினேன். அந்த மலைக் குளிரில் என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. முடித்தேன். வரிசை முழுக்க ஆமென் சொன்னது.

திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ஆரோக்கியம். கையில் அகப்பை. பலகைச் சுவர் வழியாக எல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

"அண்ணே, இத என் மகனுக்கு ஏன் சொல்லல?"

"சின்னப் பிள்ளைக்கு அது கெடையாதுத்தா. அவன் சம்மனசு. சம்மனசுக்கு ஏது பாவம், ஏது ஆழம்?"

"அவனுக்கு வேணாம். எனக்கு?"

எங்கள் வேதத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் வாங்கின சின்னப் பிள்ளை போய்விட்டால் நாங்கள் அதைச் சாவு என்று நினைப்பதில்லை. சம்மனசு, அதாவது வானதூதர், மோட்சம் போகிறது. வெள்ளைத் துணி உடுத்தி, தலையில் பூமுடி வைத்துக் கொண்டுபோவோம். மணி துக்க மணியாக அடிக்காது. சங்கீதமும் துதிக்கிற சங்கீதம்தான். அது தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கம். அதில் தாய் எங்கே நிற்பாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அன்னைக்கித் திருவிழா மணி அடிச்சீக" என்றாள் ஆரோக்கியம். "மலையே துதி, மரமே துதின்னு உபதேசியார் சொன்னாக, எல்லாரும் சேந்து சொன்னீக. நான் அழுதா, அழாத ஆத்தா, சம்மனசுக்குச் செறகு நனைஞ்சிரும்னு வாயப் பொத்துனாக. துதிக்க எனக்கு வாய் வரல. அழவும் விடல. வீடு வந்து சேந்தா, இங்கன எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. துதிச்சுக்கோ, நீயே துதிச்சுக்கோன்னு கதவச் சாத்திட்டேன். அழுகிறதுக்கும் அவருகிட்டயே சங்கீதம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

பெரிய பெரிய வியாபாரிகளை வாயடைக்க வைத்தவன் நான். அன்றைக்கு இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

குரியச்சனுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். ஆனால் விளங்க வேண்டிய பாதி விளங்கியிருக்கிறது. "மறுபடி சொல்லுங்கள்" என்றார் என்னிடம். "முதல் தடவை சொன்னது எங்களுக்கு. இது இவளுக்கு." ஏலியாம்மா ஓர் ஆள் நிற்க இடம் விட்டு வரிசையில் நகர்ந்தாள். ஆரோக்கியம் அகப்பையைக் கதவோரம் சார்த்திவிட்டு வந்து அந்த இடத்தில் நின்றாள்.

நான் ஓர் அடி சொல்ல அவள் ஓர் அடி சொன்னாள். இரண்டாவது அடியிலேயே அழுகை வந்துவிட்டது. நான் நிறுத்தினேன். "நிறுத்தாதண்ணே" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். நடுநடுவே சங்கீதத்தில் இல்லாததையும் சொன்னாள். பயல் பெயரைச் சொன்னாள். காய்ச்சல் இறங்கிற்று என்று நம்ப வைத்து ஏமாற்றினீரே என்று கேட்டாள். நான் குறுக்கே போகாமல், அவள் முடித்த பிறகு அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன். விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரனைவிட அதிகமாக ஆண்டவருக்குக் காத்திருக்கிறேன் என்று ஓர் இடம் வரும். அப்போது வேலைக்குக் கிளம்பி வந்து வாசலில் நின்ற சந்தியாகு, "அது நம்ம ஸ்டோரு வேலையில்ல?" என்றான். இத்தனை வருஷம் அந்த அடியைத் தோளில் சுமந்திருக்கிறேன், அதில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆரோக்கியம் மூட்டை கட்டியிருந்தாள். சந்தியாகுவுக்கு ஸ்டோரை விட்டு வர வழியில்லை. எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். ஏற்கெனவே சொன்னேனே, நான் போனால் வராமல் இருப்பாளா! அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"வாரேன். நிக்கிறேன்னு சொல்லல. அங்கன போய்த்தான் பாக்கணும்."

கரி பஸ் அன்றைக்கு அடியோடு படுத்துவிட்டது. அடுப்புக்குள் ஈரக்கரியைப் போட்டுவிட்டானாம் கண்டக்டர். டிரைவர் அவனைத் திட்டிய திட்டை நான் சொன்னால் உங்கள் காது கருகும். கீழே போகிற மாட்டு வண்டி ஒன்றில் ஏறினோம். கூடலூர் வண்டிக்காரன். மாட்டை ஓட்டும் லட்சணம் சரியில்லை, இரண்டு வளைவுக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை, கயிற்றை நானே வாங்கிக்கொண்டேன். பள்ளத்தாக்கு முழுக்கக் காலை வெயிலில் கிடந்தது. வயல் பச்சை, தென்னை, நடுவில் ஆறு. ஆரோக்கியம் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ராத்திரி கற்ற சங்கீதம். அடி மாறிப்போகும், என்னைக் கேட்பாள், எடுத்துக் கொடுப்பேன்.

வண்டிக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பிறகு மெதுவாக, "பெரியவரே, ஒரு கேதத்துக்குப் போறீக போலருக்கு. எறந்தவுக யாரு?" என்றான்.

"ஒருத்தரும் எறக்கல. ஞானஸ்நானத்துக்குப் போறோம். இது எங்களுக்குத் தெனமும் உள்ளது" என்றேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. "தெனமுமாம்! நேத்துத்தான் வெளங்குச்சு இவுகளுக்கு" என்றாள் என் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை. சாமியார் பிரான்சு தேசத்தவர், ஆனால் தமிழை நம்மைவிடத் திருத்தமாகப் பேசுவார். பூசைக்கு முன்னால், ஒவ்வொருவராக வந்து தங்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். ஞானத்தாயாக நிற்கிறவர்கள் அதைச் செய்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். ஆரோக்கியம் கோயில் தூணுக்குப் பின்னால் நின்றாள். ஒவ்வொருவராக வரிசை குறைந்தது. அவள் நகரவில்லை. என் மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசி ஆளும் எழுந்து, சாமியாரும் எழுந்திருக்கப் போகிற சமயம், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். அங்கே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. வெகுநேரம் ஆனது. உபதேசியார் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பூசை முடிந்து ஞானஸ்நானத் தொட்டி அருகே போனோம். மகள் பிள்ளையை அத்தை கையில் கொடுத்தாள். ஆரோக்கியம் வாங்கினாள். ஒரு வருஷமாகக் காலியாக இருந்த கை. பிடித்த பிடியிலேயே அது தெரிந்தது.

"சர்வேசுரனை விசுவசிக்கிறாயா?" என்று சாமியார் பிள்ளையைக் கேட்டார். பதிலை ஞானத்தாய் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியம் பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். கோயிலில் விசிறிகூட அசையவில்லை. உபதேசியார் மெதுவாக, "விசுவசிக்கிறேன்னு சொல்லும்மா" என்று அடியெடுத்துக் கொடுத்தார்.

"தெரியும், இருங்க" என்றாள். பிறகு சாமியாரைப் பார்த்து, "விசுவசிக்கிறேன் சாமி. கோவமும் இருக்கு. கோவத்தோடதான் விசுவசிக்கிறேன்" என்றாள்.

உபதேசியார் திருதிருவென்று முழித்தார். சாமியார் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்டார். அவள் சொன்னாள். அதற்கு அடுத்ததையும் சொன்னாள்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் என் பேத்தி வீறிட்டாள். எங்கள் வீட்டு ரத்தம், சத்தத்துக்குக் கேட்க வேண்டுமா? பொம்பளைகள் நாலு பக்கமும் இருந்து, "ச்சு ச்சு, அழாத தங்கம், கோயில்ல அழக்கூடாது" என்று கையை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள்.

ஆரோக்கியம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். "விடுங்க, அழட்டும். இங்கன அழாம பிள்ள வேற எங்கன போய் அழும்?"

சாமியாருக்கு மத்தியானத்துக்குள் இன்னொரு ஊரில் பூசை இருந்தது. வண்டி வாசலில் பூட்டித் தயாராக நின்றது. அவர் புத்தகத்தை விரல் இடுக்கில் வைத்து மூடிக்கொண்டு, பிள்ளை அழுது முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றார்.